விளாங்குடிக்கு வந்த விசாரணை

மாவட்ட முன்சீப் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பை முதலில் பார்த்தது நான்தான். பசுமலையில் நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்த பள்ளியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆசிரியர் அறைப் பேப்பரைப் புரட்டும்போது உள்பக்கத்தில் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்துப் பேப்பரைக் கிழிக்க முடியாது. மிச்சம் கிடந்த ஒரு வினாத்தாளின் பின்பக்கத்தில் அதை வரி விடாமல் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எண்பதுகளின் முன்பாதி அது. என் மனைவி மதுரை ஜில்லா கோர்ட்டில் வக்கீலாகி ஆறு வருடம் முடிந்திருந்தது.

வக்கீல் என்று நான் சொல்கிறேன். கட்சிக்காரர்கள் அவளை அப்படி நினைக்கவில்லை. சீனியரின் ஆபீஸில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருப்பாள். பத்திரக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "வக்கீலய்யா எப்ப வருவாக தாயி?" என்று கேட்பார்கள். "நானும் வக்கீல்தான், உள்ள வந்து சொல்லுங்க" என்பாள். "இருக்கட்டும் தாயி, அய்யா வரட்டும்" என்று வெளி பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். கல்யாணமான புதிதில் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டிச் சிரிப்பாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். கடைசி ஒரு வருடமாகச் சொல்வதையே விட்டுவிட்டாள். அதனால்தான் அந்த அறிவிப்பை எழுதிக்கொண்டு வந்தேன்.

படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கு எல்லா ஊர்லேர்ந்தும் வந்து மோதுவாங்க. நம்மளுக்கு யாரு இருக்கா?"

"யாரு இருக்கணும்?"

"எல்லாரும் யாரையாச்சும் பிடிப்பாங்கல்ல."

"நீ பரீட்சையைப் பிடி" என்றேன்.

மூன்று நாள் அந்தப் பேச்சே இல்லை. நாலாம் நாள் காலையில் எனக்குச் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டே, "விண்ணப்பத்துக்குப் போட்டோ வேணும், சாயங்காலம் வாரீங்களா?" என்றாள். ஸ்டுடியோக்காரர் அவளைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. யாரோ அவளிடம் பொய் சொல்லிவிட்டதைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விளாங்குடியில் எங்கள் வீடு திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வயலைப் பிளாட் போட்டு விற்ற இடம். தெருவில் மொத்தம் ஒன்பது வீடு, மற்றதெல்லாம் கருவேலஞ்செடி. மழை பெய்தால் பஸ்ஸை விட்டு இறங்கிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஒரு பஸ்ஸிலும் நான் ஒரு பஸ்ஸிலும் வந்து சேர்வோம். யார் முதலில் வருகிறோமோ அவர்கள் காபி போட வேண்டும் என்பது ஏற்பாடு. என் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். அதனால் பெரும்பாலும் அவள் கைக் காபிதான் எனக்குக் கிடைத்தது.

அப்போது எங்கள் வீட்டுக்கு ஒரு தகராறு இருந்தது. அதற்குக் காரணம் நான்.

வலப்பக்கத்துப் பிளாட் காலியாகக் கிடந்த நாளில் நான் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினேன். கோடை விடுமுறையில் கொத்தனாரோடு கூட நின்று கட்டியது. எல்லைக் கல் ஒன்று மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. தேடிப் பார்க்காமல் கண் அளவில் கயிறு பிடித்தோம். அந்தப் பிளாட்டுக்காரர் ஓர் அரசாங்க ஆபீஸில் ஹெட்கிளார்க். அப்போது வெளியூரில் வேலை. இரண்டு வருடம் கழித்து மாற்றலாகி வந்து, வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது அளந்து பார்த்துவிட்டு, என் சுவர் முக்கால் அடி அவர் இடத்தில் நிற்கிறது என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். நான்தான் பொறுமையாகக் கேட்கவில்லை. "கட்டுறப்ப வாயைத் திறக்காம இருந்துட்டு இப்ப வந்து அளக்குறீங்களா? ஆபீஸ்ல உக்காந்து இதத்தான் பண்ணுறீங்களா?" என்று கொத்தனார், சித்தாள், தெருவில் போனவர்கள் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வீடு கட்டி முடித்துக் குடிவந்தபோது தெருவில் மற்ற ஏழு வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார். எங்களுக்கு வைக்கவில்லை.

என் மனைவி அந்தச் சண்டையின்போது கோர்ட்டில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம பத்திரத்தை எடுத்து ஒருக்கா அளந்து பாத்துருவோமே" என்றாள். "அளக்க வேண்டியதில்லை" என்றேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

விண்ணப்பம் போட்ட செய்தி திருமங்கலத்துக்குப் பக்கத்தில் பருத்தி விவசாயம் செய்துகொண்டிருந்த அவளுடைய சித்தப்பாவுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அப்பா இல்லாத அவளைப் படிக்க வைத்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பை நிறையக் கத்தரிக்காயோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ள, ஜட்ஜுக்கு யாரு ஓட்டுப் போடுவாக?" என்று என்னைக் கேட்டார்.

"ஓட்டெல்லாம் கிடையாது மாமா. பரீட்சை எழுதணும். அப்புறம் நேர்ல கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க. அவங்க எடுத்தா உண்டு."

"அதென்ன கூத்து? எங்கூர்ப் பிரசிடெண்டுக்கு நாங்க ஓட்டுப் போடுறோம். சரியில்லையா, அடுத்த தடவை தூக்கிருவோம். ஊரு வழக்கையெல்லாம் தீக்கப்போற ஆளுக்கு ஊரே ஓட்டுப் போட வேணாமா?"

அடுப்படியிலிருந்து அவள் வந்தாள். "ஓட்டுப் போட்டு என்னைய ஜட்ஜாக்கிட்டீங்கன்னு வைங்க சித்தப்பா. நாளைக்கு உங்களுக்கும் எனக்கு ஓட்டுப் போடாத ஆளுக்கும் வரப்புத் தகராறு. நீங்க எனக்காக ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டவரு. நான் என்ன தீர்ப்புச் சொல்லுவேன்னு அந்த ஆளு நினைப்பான்?"

"நியாயத்தைச் சொல்லுவேன்னு நினைப்பான்."

"நினைக்க மாட்டான் சித்தப்பா."

"சரித்தா. ஆனா உன்னைய மெட்ராஸ்ல நாலு பேரு உக்காந்து எடுக்கிறாக. நீ தப்புத் தப்பாத் தீர்ப்பு எழுதுனா நாங்க யாருகிட்டப் போயி உன்னையத் தூக்கச் சொல்றது?"

மேல்கோர்ட்டு இருக்கிறது, அப்பீல் இருக்கிறது என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பிறகு, "நீங்க கேக்குறது சரியான கேள்விதான்" என்று மட்டும் சொன்னாள்.

சித்தப்பா வந்த காரியம் அது இல்லை. அவருக்குத் தெரிந்த அரசியல் கட்சிக்காரர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால், மேலே பேசி வைப்பார். "கூட்டிட்டுப் போறேன், நீ வந்து ஒரு கும்பிடு போட்டாப் போதும்" என்றார். எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசை வந்தது. போய்க் கும்பிட்டு வந்தால்தான் என்ன என்று தோன்றியது.

"அப்படி வந்தா, அவரு அனுப்புற ஆளுக்குத்தான் நான் தீர்ப்பு எழுதணும் சித்தப்பா."

"அவரு அப்படிக் கேக்குற ஆளில்ல."

"கேக்க வேணாம். எனக்கே தோணிரும்."

சித்தப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. சாப்பிடாமல் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடக் கூடப் போன என்னிடம், "அவ அப்பன் மாதிரியே இருக்கா மாப்ள" என்றார். பாராட்டுகிறாரா குறை சொல்கிறாரா என்று தெரியவில்லை.

பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. என் வாழ்க்கையில் திரும்பக் கிடைக்காதா என்று நான் ஏங்குகிற நாட்கள் அவைதான். சாப்பிட்டு முடித்து, முன்னறையில் பாயை விரித்துவிட்டு, டேபிள் ஃபேனைத் தரையில் வைப்போம். சட்டப் புத்தகங்களை அவள் தனியாகப் படித்துக்கொள்வாள். மொழிபெயர்ப்புத் தாளுக்கு நான் வேண்டும். சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான்தான் சாட்சி. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயியாக மாறி, "எங்கய்யா காலத்துலேர்ந்து அந்தக் கெணத்துல நாந்தேன் எறைக்கேன் எசமான். இவன் அங்கிட்டு வந்ததே போன தைக்குத்தேன்" என்று இழுப்பேன். "அங்கிட்டு" என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டு வருவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள். சில நாள் நான் வேண்டுமென்றே குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்கிற பொய்ச்சாட்சியாக நடிப்பேன். அவள் விடமாட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்ததுண்டு.

தீர்ப்பு எழுதிப் பழகுவதும் உண்டு. பழைய வினாத்தாள்களில் இருந்த வழக்குகளையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை அவள் சீனியர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். நான் பேனா தேடும்போது அவள் நோட்டைப் பிரித்தேன். கடைசியாக எழுதியிருந்த தீர்ப்பில் வாதி ஓர் அரசு ஊழியர். பிரதிவாதி ஒரு பள்ளி ஆசிரியர். வழக்கு ஒரு சுவரைப் பற்றியது.

நின்றபடியே படித்தேன். என் தரப்பு வாதத்தை நானே சொல்லியிருக்க முடியாத அளவுக்கு நன்றாக எழுதியிருந்தாள். வாதி இரண்டு வருடம் சும்மா இருந்தார், பிரதிவாதி எதையும் மறைத்துக் கட்டவில்லை என்றெல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: "பிரதிவாதி கெட்ட எண்ணத்தோடு இந்தச் சுவரைக் கட்டவில்லை என்பது இந்த நீதிமன்றத்துக்குத் தெரிகிறது. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்த காரணத்தால் இடம் அவருடையதாகிவிடாது." மூன்று மாதத்துக்குள் சுவரை அகற்ற வேண்டும் என்று முடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

அவள் வந்ததும் நோட்டை நீட்டினேன்.

"பிரதிவாதின்னா நான்தான?"

"ஆமாங்க."

"எப்ப அளந்த?"

"நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தப்ப. நம்ம பத்திரத்துல நாலு பக்கமும் அளவு போட்டிருக்குல்ல. நம்மகிட்ட முக்கால் அடி கூட இருக்கு."

"என்கிட்ட நேராச் சொல்லலாமுல்ல?"

"மூணு தடவை சொன்னேன். நீங்க காதுல வாங்கலை."

யோசித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் நினைவு வந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. இரண்டு நாள் நான் சாட்சியாக உட்காரவில்லை. அவள் தனியாகப் படித்தாள். மூன்றாம் நாள் என்னால் இருக்க முடியாமல் பாயில் போய் உட்கார்ந்தேன். சுவரைப் பற்றி இருவருமே பேசவில்லை. சுவர் அப்படியே நின்றது.

பரீட்சை மதுரையிலேயே நடந்தது. தேறிவிட்டாள். நேர்முகத்துக்கு மெட்ராஸுக்கு இருவரும் போனோம். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்ட ஆண்கள் முப்பது பேருக்கு நடுவில் அவளும் இன்னொரு பெண்ணும். உள்ளே போனவள் இருபது நிமிடம் கழித்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"போச்சுங்க" என்றாள்.

ரயிலடிக்குப் போகிற பஸ்ஸில்தான் நடந்ததைச் சொன்னாள். முதலில் சட்டம் கேட்டார்கள். சரியாகச் சொன்னாள். பிறகு, "உங்களை வெளியூருக்கு மாற்றினால் உங்கள் கணவருக்கு யார் சமைப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டார். "அவர் நன்றாகச் சமைப்பார்" என்றாள். அது பொய். எனக்கு அப்போது ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியும். கடைசியாக, நடுவில் இருந்தவர், "பஞ்சாயத்துத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்சீபை மட்டும் நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்? தேர்தல் வைத்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க சித்தப்பாவும் இதையேதான் கேட்டாருன்னு சொல்லிட்டேங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சித்தப்பாவுக்கு என்ன பதில் சொன்னீங்கன்னாங்க. ஓட்டுப் போட்டவங்களுக்கு ஜட்ஜு கட்டுப்பட்டுறக் கூடாதுன்னேன். உடனே அந்த ஓரத்துல இருந்தவரு, அப்ப உங்கள எடுக்கப்போறது நாங்க, எங்களுக்கும் கட்டுப்பட மாட்டீங்களான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"மாட்டேன் சார்னு சொல்லிட்டேன்."

அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். போகலாம் என்று தலையை ஆட்டினார்களாம். மதுரை வரும்வரை ஜன்னலோரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் பணிவாகச் சொல்லியிருக்கலாம் என்பாள். பிறகு, எப்படிச் சொன்னாலும் அதுதானே பதில் என்பாள்.

இரண்டு மாதம் கழித்து வந்த தேர்வுப் பட்டியலில் அவள் எண் இருந்தது. சித்தப்பா கோபத்தையெல்லாம் மறந்து ஒரு கூடை பூவன் பழத்தோடு ஓடிவந்தார். ஆனால் பட்டியலில் எண் வந்தால் மட்டும் போதாது. நியமன உத்தரவு வருவதற்கு முன் போலீஸ் வந்து நன்னடத்தையை விசாரிக்கும் என்று அவளுடைய சீனியர் சொல்லி அனுப்பினார். வழக்கு உண்டா, கட்சி உண்டா, அக்கம்பக்கத்தில் எப்படி என்று கேட்டு எழுதி அனுப்புவார்களாம்.

அக்கம்பக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தேன்.

"நான் போயி அந்த ஹெட்கிளார்க்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? போலீஸ் வந்து கேட்டா அவரு என்ன சொல்லுவாரு?"

"அவருக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவாரு. மன்னிப்புக் கேக்கணும்னா ரெண்டு வருசமாக் கேட்டிருக்கலாம். இப்பப் போயிக் கேட்டா அது மன்னிப்பு இல்ல."

"உனக்காகத்தான போறேன்னு சொல்றேன்?"

"அதனாலதான் வேணாங்கிறேன். சுவரை இடிக்கிறதா இருந்தா இடிங்க. ஆனா நல்லபடியாச் சொல்லுங்கன்னு அவர்கிட்டப் போயி நிக்காதீங்க."

நான் இரண்டையும் செய்யவில்லை. அவளுக்குத் தெரியாமல் ஒரு சாயங்காலம் மட்டும் அவர் வாசல் வரைக்கும் போனேன். அவர் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குழாய்ல தண்ணி வருதா சார்?" என்று கேட்டேன். "வருது" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

விசாரணைக்கு அரையாண்டு விடுமுறையில் வந்தார்கள். கோர்ட்டுக்கும் விடுமுறை. வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாக ஓர் ஏட்டையா சைக்கிளில் வந்து இறங்கி, முதலில் எதிர்வீட்டுக்குப் போனார். பிறகு மூலை வீடு. பிறகு ஹெட்கிளார்க் வீடு. நான் ஜன்னல் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மற்ற வீடுகளில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே காபி வந்தது. ஹெட்கிளார்க் பேசிக்கொண்டே இருந்தார். ஏட்டையா எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை ஹெட்கிளார்க் எழுந்து வந்து கையை நீட்டி எங்கள் சுவரைக் காட்டினார்.

"ஜன்னலைச் சாத்துங்க" என்று பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

ஏட்டையா எங்கள் வீட்டுக்கு வந்தபோது பதினொரு மணி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, நீள நோட்டை மடியில் விரித்துக்கொண்டார். படிப்பு, சொந்த ஊர், கட்சித் தொடர்பு என்று கேட்டு எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "அக்கம்பக்கத்துல தகராறு எதுவும் உண்டாம்மா?" என்றார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"உண்டு சார்" என்றாள் அவள். "எங்க காம்பவுண்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் இடத்துல முக்கால் அடி நிக்குது. நானே அளந்து பாத்தேன். இவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். இன்னும் இடிக்கலை."

ஏட்டையா இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வீடு யாரு பேர்ல இருக்கு?"

"ரெண்டு பேர் பேர்லயும்."

"அப்ப அது உங்க சுவரும்தான?"

"ஆமா சார். என் சுவரும்தான்."

"இதை எழுதணுமாம்மா?" என்று அவர் கேட்டார். குரலில் ஓர் இரக்கம் இருந்தது.

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். எழுதுறது உங்க வேலை."

அவர் எழுதினார். எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். சைக்கிள் தெருமுனையைத் தாண்டும்வரை நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். உள்ளே வந்ததும் அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்புட்டும் போயிருச்சுங்க" என்று அழுதாள். "நாலு மாசம் படிச்சதெல்லாம் போச்சு."

எனக்கு அவள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த அறையில் என்னைவிடச் சின்ன ஆள் யாரும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனேன். நாலு அடி விழுவதற்குள் ஹெட்கிளார்க் பனியனோடு வெளியே வந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"இடிக்கிறேன். உங்க இடத்துல நிக்குது. அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

அவர் என் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தார். "மேல இருந்து எடுங்க வாத்தியார் சார். கீழ குத்துனீங்கன்னா மொத்தமா உங்க கால்ல விழுந்துரும்" என்று சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து செங்கல்லை வாங்கி அடுக்க ஆரம்பித்தார்.

பாதிச் சுவர் இறங்கியபோது நான் கேட்காமலே சொன்னார். "நேத்து நான் உள்ளதைச் சொன்னேன் சார். உங்களப் பத்தி நல்லதாச் சொல்லலை. அந்தம்மா என்கிட்டயோ என் வீட்டம்மாகிட்டயோ ஒருநாளும் முகம் சுளிச்சதில்லைன்னு சொன்னேன். சுவர் தப்புன்னு அவங்களுக்குத் தெரியுமான்னு ஏட்டையா கேட்டாரு. எனக்குத் தெரியாது, தெரிஞ்சும் பேசாம இருந்தா அதுவும் தப்புதான், அதையும் எழுதிக்கங்கன்னேன்."

"தெரியும் சார். நேத்து அவளே ஏட்டையாகிட்டச் சொல்லிட்டா."

கையில் இருந்த செங்கல்லோடு அப்படியே நின்றார். "அவங்களே சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, வாத்தியாருக்கும் சேர்த்துக் காபி போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எதுவும் வரவில்லை. பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் உத்தரவு வந்துவிட்டதாகக் கோர்ட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் தினமும் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வெளி பெஞ்சில் உட்கார்கிறவர்கள் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். நான் தபால்காரரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகிவிட்டேன். சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்னால், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, பதிவுத் தபால் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் படித்து, என்னிடம் கொடுத்தாள். கடலோரத்தில் ஒரு சின்ன ஊரின் பெயர் அதில் இருந்தது. மதுரையிலிருந்து ஐந்து மணி நேரம்.

அவள் சொல்லி ஏட்டையா எழுதிக்கொண்ட அந்த வாக்குமூலம் எங்கே போனது, யார் படித்தார்கள், அதனால்தான் தாமதமா, அதனால்தான் கிடைத்ததா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவளும் விசாரிக்கவில்லை. சித்தப்பா மட்டும், "ஒரு ஓட்டும் வாங்காம ஜெயிச்சுட்டியேத்தா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஆனா நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலை" என்றும் சொன்னார். "யோசிச்சுக்கிட்டே இருக்கேன் சித்தப்பா" என்றாள்.

அவள் அங்கே, நான் இங்கே என்று பதினோரு வருடம் போனது. ஊர் ஊராக மாற்றல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பஸ் ஏறினால், திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன் பசுமலையில் இருப்பேன். எந்த ஊரிலும் அவளுக்குச் சிநேகிதம் என்று யாரும் இல்லை. வக்கீல்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமாட்டாள். காய்கறி வாங்கக்கூடக் கோர்ட்டு ஆளை அனுப்பினாள். விளாங்குடிக்கு வந்தால்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி, ஹெட்கிளார்க் வீட்டம்மாவோடு அரைமணி நேரம் வாசலில் நின்று சிரித்துவிட்டு வருவாள். நான் சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் கற்றுக்கொண்டிருந்தேன். நேர்முகத்தில் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டேன் என்று அவளிடம் சொல்வேன்.

அவள் பதவி ஏற்ற புதிதில் ஒருநாள், கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன், அவள் எப்படித் தீர்ப்புச் சொல்கிறாள் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. சொல்லாமல் போய்க் கோர்ட்டு ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கிழவர் சாட்சிக் கூண்டில் ஏறி, கிணற்றைப் பற்றி, வரப்பைப் பற்றி, அங்கிட்டு இங்கிட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு எழுதினாள். அவர் நிறுத்தியபோது, "மெதுவாச் சொல்லுங்க, நேரம் இருக்கு" என்றாள். என்னைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவைகூடக் கண் இந்தப் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் குவார்ட்டர்ஸில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வராதீங்க" என்றாள்.

"ஏன், நான் என்ன பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணலை. நீங்க இருந்தா என் குரல் மாறுது."

அதற்குப் பிறகு நான் அவளுடைய எந்தக் கோர்ட்டுக்குள்ளும் கால் வைக்கவில்லை. விடுமுறையில் போனால், குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோர்ட்டில் பத்தரை மணிக்கு, அவள் ஹாலுக்குள் வருவதைச் சொல்லி டவாலி குரல் கொடுப்பார். நாற்காலிகள் நகர்ந்து எல்லோரும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்கும். எழுந்து நிற்கிறவர்களில் ஒருவருக்குக்கூட அவளைத் தெரியாது. எனக்குத் தெரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மதியத்துக்கு என்ன சமைக்கலாம் என்று பார்க்க உள்ளே போவேன்.